மாட்டுக்கொட்டகைத் தங்கம்

என் காதில் இருக்கும் கம்மல் எந்த நகைக்கடையிலும் வாங்கியதில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால், மாடு இல்லாத மாட்டுக்கொட்டகையில், என் தாய்மாமன் எடுத்த தங்கம் அது. இதைச் சொன்னால் என் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். எடுத்தபோது பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பார்த்தவள் நான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பெண்ணுக்குக் காது குத்தவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே காரணம்தான் சொல்வார்கள், தாய்மாமன் சரியில்லை. காதுகுத்து என்றால் மாமன் மடியில் உட்கார வேண்டும், மாமன் கொண்டுவந்த தங்கத்தைத்தான் போட வேண்டும், அதுவும் ஒற்றைப்படை வயதில். எனக்கு ஒரு வயதானபோது மாமாவுக்கு வேலை இல்லை. மூன்றில் வேலை இருந்தது, சம்பளம் வரவில்லை. ஐந்தில் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். ஏழில் அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவே இரண்டு கம்மல் வாங்கிப் போட்டிருக்கலாம். கூடப்பிறந்தவன் கதியில்லாதவள் என்று ஊர் பேசும் என்று அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. இவர்கள் வழக்கில் வாய்தா மேல் வாய்தாவாக வாங்கிக்கொண்டிருந்தது என் காது. இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாலும், என் காதைப் பார்த்துவிட்டு "தம்பி, உள்ள போ" என்று சொன்ன கண்டக்டரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

எங்கள் ஊர் கேளம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா கம்பெனிக்காரர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். மாமாவுக்கு அந்த வருடம் சாலையோரத்துக் கம்பெனிக் கட்டடம் ஒன்றில், தரை துடைக்கும் ஆட்களை மேய்க்கும் வேலை. அங்கே பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துப்போட்டபோது, வாங்க வந்த காயலான் கடைக்காரர் ஒருவர் மாமாவின் காதில் ஒரு விஷயத்தை ஓதிவிட்டார். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பச்சை அட்டைகளின் ஓரத்தில் மஞ்சளாகப் பல் வரிசை மாதிரி இருக்கிறதே, அது தங்கம். பூச்சுத்தான், ஆனாலும் அசல் தங்கம்.

மாமா ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை மூன்று மூட்டை அட்டைகளோடு வந்து இறங்கினார். இந்த முறை பாப்பாவுக்குக் காது குத்தியே தீருவது, தங்கத்தைத் தானே எடுப்பது என்று அறிவித்தார். எங்கிருந்து எடுப்பாய் என்று அம்மா கேட்டாள்.

"உங்க வூட்லருந்துதான்க்கா" என்றார் மாமா.

அம்மா தன்னை அறியாமல் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அப்படித்தான் எங்கள் மாட்டுக்கொட்டகை தங்கச் சுரங்கமானது. மாமா மஞ்சள் பல்லை மட்டும் கத்தரித்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் போடுவார். கத்தரிப்பதில் பாதி என் வேலை. பிறகு என்னை வாசலுக்கு வெளியே தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு ஆசிட்டை ஊற்றுவார். வாளியிலிருந்து செங்கல் நிறத்தில் புகை எழும்பும். தொண்டையைப் பிறாண்டும் நாற்றம். ஓர் இரவு ஊறியதும் அட்டையின் செம்பெல்லாம் கரைந்து தண்ணீர் நல்ல பச்சையாகிவிடும். அதன் மேல் வெங்காயச் சருகைவிட மெல்லியதாகத் தங்கத் தோல்கள் மிதக்கும். மாமா அதை அப்பாவின் பழைய வேட்டியில் வடிகட்டுவார். வேட்டியில் ஒட்டிய மினுமினுப்பை எனக்குக் காட்டும்போது அவர் முகத்தில் வரும் சிரிப்பை, அவருடைய கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

தங்கம் கிடைத்துவிட்டது. பச்சைத் தண்ணீரை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். முதல் தடவை கொட்டகைக்குப் பின்னால் ஊற்றினார். மறுநாள் அங்கே புல் கருகி, மண் வெந்ததுபோல் கிடந்தது. அப்பா பார்த்துவிட்டு, என் மனையில் இதை ஊற்றாதே மச்சான் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். மாமாவும் கேனில் பிடித்துத் தூரமாகக் கொண்டுபோய்க் கொட்டிவிடுவதாகச் சொன்னார். சொன்னது அப்பாவிடம். செய்தது வேறு.

எங்கள் வீட்டில் இரண்டு போர்க் கிணறுகள் இருந்தன. ஒன்று பழையது. போட்ட மூன்றாம் வருடமே தண்ணீர் வற்றிப்போய், மேலே கல் வைத்து மூடப்பட்டது. இருபது தப்படி தள்ளிப் புதியது, மோட்டார் வைத்தது. எங்கள் தெருவில் வற்றிய போர் என்பது எல்லா வீட்டுக்கும் ஒரு வசதி. உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த பிளேடு, காலாவதியான மாத்திரை, வெளியே போட முடியாதது எதுவானாலும் அதில் போடுவார்கள். போட்டது போட்டதுதான், எதுவும் திரும்பி வந்ததில்லை. மாமா கல்லை நகர்த்திவிட்டுப் பச்சைத் தண்ணீரை அதற்குள் சாய்த்தார். அது வெகுநேரம் கழித்து அடியில் போய் விழும் சத்தம் கேட்டது. தண்ணீர் கெட்டுப்போகாதா என்று நான் கேட்டேன். சும்மா சொல்லக்கூடாது, கேட்கத்தான் செய்தேன்.

"இதுல தண்ணி கீதா பாப்பா? இல்லல்ல? தண்ணியே இல்லாத எடத்துல ஊத்தினா தண்ணி எப்டி கெடும்?"

ஒன்பது வயதில் அதைவிடச் சரியான வாதத்தை நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு மாமா என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். இதை வெளியே சொன்னால் கம்மலை மறந்துவிட வேண்டியதுதான். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். வகுப்பில் டீச்சர் கோலார் தங்கவயல் பாடம் நடத்தியபோது, எங்கள் வீட்டிலும் எடுக்கிறோம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண் அங்கே குன்று குன்றாகக் கிடக்கிறது, அதில் புல்லும் முளைக்காது, காற்றடித்தால் ஊர் முழுக்கப் புழுதி என்று டீச்சர் சொன்னார். எங்கள் மாமா எவ்வளவு கெட்டிக்காரர், ஒரு கூடை மண்கூட மிஞ்ச விடவில்லையே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் கல்லூரியில் படிக்கும்போது, பக்கத்து மனையில் அடுக்குமாடி எழுப்ப வந்தவர்கள் நிலத்தடித் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். செம்பு, ஈயம், இன்னும் என்னென்னவோ இருக்கிறது, இந்தப் பக்கம் தொழிற்சாலையே கிடையாதே, எங்கிருந்து வந்தது என்று அவர்களுடைய என்ஜினீயர் தலையைச் சொறிந்தார். அப்போது எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. வற்றிய போருக்குத் தண்ணீரைக் கொடுக்கத்தான் தெம்பில்லை. வாங்கிக்கொள்ளத் தெம்பு இருந்தது. ஊற்றியதையெல்லாம் மண்ணுக்குள்ளேயே இருபது தப்படி நடத்திக்கொண்டுபோய்ப் புதுப் போரில் சேர்த்துவிட்டது. இன்று அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் கேனில்தான் வருகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஒன்பது வயதைப் பற்றி.

குடிக்கவும் சமைக்கவும் எங்களுக்குப் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர். போர்த் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும் என்பதால் குளிக்க, துவைக்க, செடிக்கு விட மட்டும்தான். அதனால் வந்த மாற்றங்களை யாரும் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கவில்லை. என் வெள்ளைச் சட்டைகள் நீலம் பாரித்தன. அம்மா சொட்டு நீலத்தைக் குறைத்துக்கொண்டாள். பின்பக்கத்துக் கறிவேப்பிலை மரம் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தது. அம்மா யோசித்துப் பார்த்து, போன வாரம் கொத்தாகப் பறித்துக்கொண்டுபோன எதிர்வீட்டுக்காரியின் கண் என்று முடிவுகட்டினாள். எங்கள் வீட்டில் காரணம் தெரியாத எதுவும் வெகுநாள் அப்படியே இருந்துவிடாது.

பிறகு பால் திரிய ஆரம்பித்தது.

பால் ஊற்றியவர் எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். பால்காரக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் இல்லை, மூன்று மாடுகள் இருந்தன. அவருக்குப் போர் கிடையாது. சாயங்காலம் நாங்கள் மோட்டார் போடும்போது ஒரு ரப்பர் குழாயைச் சுவருக்கு மேலே அவர் பக்கம் போட்டுவிடுவோம். பாதியாக அறுத்த நீல டிரம் ஒன்றில் அவர் மாடுகளுக்குத் தண்ணீர் நிரப்பிக்கொள்வார். பதிலுக்கு எங்கள் செடிகளுக்குச் சாணி எரு வந்துவிடும். எனக்குத் தனியாக ஒரு கணக்கு இருந்தது. மாடு கன்று போட்டால் முதல் சீம்பால் எனக்கு. அந்த வருடம் செவலை மாடு சினையாக இருந்தது. பங்குனியில் கன்று போடும், ஒரு சொம்பு சீம்பால் உனக்குத்தான் என்று அவர் என் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தார்.

ஐப்பசியில் ஒருநாள் அடுப்பில் வைத்த பால் கட்டிகட்டியாகப் போனது. மறுநாளும் அப்படியே. அம்மா பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், பாத்திரத்தையே மாற்றிப் பார்த்தாள். மூன்றாம் நாள் பால்காரக்காவை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். பாலில் என்னத்தைக் கலக்கிறாய் என்று கேட்டபோது தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். அவர்கள் வீட்டிலும் பால் திரிந்திருந்தது. பால்காரக்கா கேனைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகத்தான் பேசினார்.

"தண்ணி ஊத்தலன்னு நான் சொல்லலக்கா. ஒரு சொம்பு ஊத்துறேன், அதுவும் உங்க வூட்டுத் தண்ணிதான். இத்தினி வருசமா அதே சொம்பு, அதே தண்ணி. அப்பல்லாம் திரியாத பாலு இப்ப மட்டும் இன்னாத்துக்கு திரியுது?"

கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாயாலேயே மாட்டிக்கொண்டாள் என்றார் ஒருவர். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அந்தத் தெருவில் அன்று பேசப்பட்டதிலேயே முழு உண்மை அது ஒன்றுதான். அது என்ன உண்மை என்று தெரிந்துகொள்ள வேண்டிய மீதிப் பாதி என்னிடம் மட்டும்தான் இருந்தது. நான் அதைக் கம்மலுக்காகக் கைக்குள் பத்திரமாக மூடி வைத்திருந்தேன்.

அன்றோடு எங்கள் வீட்டுக்குப் பாக்கெட் பால். பாக்கெட் பால் திரியவில்லை. திரியாமல் பொங்கி வந்த பாலை அம்மா பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒவ்வொரு வீடாகப் பாக்கெட்டுக்கு மாறியது. பால்காரக்கா ஒரு வாரம் கழித்து, சொட்டுத் தண்ணீர் சேர்க்காத பாலைக் கொண்டுவந்து வாசலில் நின்று, இதைக் காய்ச்சிப் பாருங்கள் என்று கெஞ்சினார். அம்மா கதவைத் திறக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பால் வாங்குவதை நிறுத்தினாளே ஒழிய, அம்மா தண்ணீரை நிறுத்தவில்லை. மனுஷிமேல் இருக்கும் கோபத்தை வாயில்லா ஜீவன்மேல் காட்டினால் பாவம் என்று சொல்லி, தினமும் சாயங்காலம் தன் கையாலேயே குழாயைச் சுவருக்கு மேலே தூக்கிப் போட்டாள். மாடுகள் டிரம்மை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வதைச் சுவரின் மேல் ஏறி உட்கார்ந்து நான் பார்ப்பேன். பால்காரக்கா இரண்டு கை தவிடும் கொஞ்சம் வெல்லமும் போட்டுக் கலக்குவார். குடிம்மா, வயித்துல புள்ள கீது, குடி என்று செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொல்வார். தவிட்டு வாசனைக்கு அது குடித்துவிடும்.

மாமாவைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு அவரை அன்றும் பிடிக்கும், இன்றும் பிடிக்கும். ஆறு மாதம் வேலை முடிந்து வந்து, நகமெல்லாம் பழுத்துப்போய், இருமிக்கொண்டே அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். தையில் அத்தனை தோல்களையும் ஒரு பொட்டலமாகக் கட்டி, செங்கல்பட்டுக் கடைத்தெருவில் ஓர் ஆசாரியிடம் கொண்டுபோனார். என்னையும் கூட்டிப்போனார். மூசைக் கிண்ணத்தில் இட்டு ஊதி உருக்கியபோது, எங்கள் மூட்டை மூட்டையான அட்டைகள் எல்லாம் சேர்ந்து ஒரு மொச்சைக்கொட்டை அளவு கூட வரவில்லை. ஆனால் ஆசாரி உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, சொக்கத் தங்கம் என்றார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆசிட் புகை பட்டதிலிருந்து அவருக்குக் கண் அடிக்கடி கலங்கும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தை மாதத்து முகூர்த்த நாளில் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் காதுகுத்து நடந்தது. ஒன்பது வயதுப் பெண்ணை மடியில் வைத்துக்கொள்வது சாதாரண காரியமில்லை. என் கால் இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன. மடியில் உட்கார்ந்திருப்பது நானா மாமாவா என்று அப்பா கேலி செய்தார், அதுவும் மாமாவிடம் நேருக்கு நேராக. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் கேலி அது. அம்மா அன்று தரையில் நடக்கவில்லை. பாயசத்தைப் பரிமாறும்போது, பாக்கெட் பாலில் வைத்தது, பாருங்கள், ஒரு துளி திரியவில்லை என்று ஒவ்வோர் இலையிலும் சொல்லிக்கொண்டே போனாள்.

தெருவில் அழைக்காமல் விட்டது ஒரு வீட்டைத்தான்.

காதில் இரண்டு கம்மலும் எரிந்துகொண்டிருந்தன. அந்த எரிச்சலே எனக்கு நகை போலிருந்தது. எல்லோரிடமும் காட்டி முடித்துவிட்டேன். பால்காரக்கா மட்டும் பார்க்கவில்லை என்பது மனதை உறுத்தியது. வெயில் சாயும் நேரத்தில், புதுப் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றி அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் மாட்டுக்கொட்டகையின் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். செவலை ஓர் ஓரமாகத் தலையைத் தொங்கவிட்டு நின்றது. அதன் வயிறு ஒட்டியிருந்தது. மூலையில் எதையோ போட்டுச் சாக்கால் மூடியிருந்தார்கள். கன்று போட்டுவிட்டதா என்று கேட்டேன். நாளு ஆவறதுக்கு இரண்டு மாசம் முன்னாடியே போட்டுடுச்சு, உசுரு இல்ல என்றார், என்னைப் பார்க்காமலே. அப்படியானால் சீம்பால் வராதா என்று கேட்டேன். அவர் இன்னொரு வாளித் தண்ணீரை ஊற்றித் தரையைத் தேய்த்தார்.

பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து என் முகவாயைத் தூக்கி இரண்டு காதையும் பார்த்தார். அப்போதும் அவர் முகத்தில் கோபம் இல்லை.

"நல்லாத்தான் கீது பாப்பா. உங்க மாமன் எங்க வாங்கினாரு?"

கம்மல் காதில் ஏறிவிட்டது. சத்தியம் அத்தோடு முடிந்தது என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன். ஆறு மாதமாக அடைத்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். வாங்கவில்லை, நாங்களே எடுத்தோம், ஆசிட்டில் போட்டு எடுத்தோம், பச்சைப் பசேல் என்று தண்ணீர் வரும், யாருக்கும் தெரியாமல் அதைப் பழைய போரில் ஊற்றிவிடுவோம் என்று கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

"எந்தப் பழைய போரு?" என்று கேட்டார்.

மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுதான் என்றேன். எப்போதிலிருந்து என்று கேட்டார். ஆடியிலிருந்து என்று பெருமையாகச் சொன்னேன்.

பால்காரக்கா என் முகவாயை விட்டுவிட்டார். செவலையைப் பார்த்தார். மூலையில் கிடந்த சாக்கைப் பார்த்தார். பிறகு நீல டிரம்மின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, அப்படியே கவிழ்த்துவிட்டார். தவிடு கலந்த தண்ணீர் தரையெல்லாம் ஓடி என் பட்டுப்பாவாடையின் சரிகையை நனைத்தது. கவிழ்ந்த டிரம்மைப் பிடித்தபடியே குனிந்து நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்காமல், "வூட்டுக்குப் போ பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

காதுகுத்துக்குக் கூப்பிடவில்லை என்ற ஆத்திரம்தான், வேறென்ன? எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. நனைந்த பாவாடையோடு ஓடிப்போய் அம்மாவிடம், பால்காரக்கா என் கம்மலை வெகுநேரம் உற்றுப் பார்த்தார், எங்கே வாங்கியது என்று துருவித் துருவிக் கேட்டார், பிறகு பொறாமையில் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டார் என்று சொன்னேன். அம்மா என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, கை நிறைய உப்பும் ஏழு மிளகாயும் எடுத்து மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி அடிக்காது என்பார்கள். இரண்டு பேரும் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தோம். துளி நெடி இல்லை.

"பாத்தியா, எவ்ளோ பொல்லாத கண்ணுன்னு" என்றாள் அம்மா. நான் கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.